தொட்டால் சுட வேண்டும்

பெரிய வண்டி பட்டறைக்குள் வந்து நின்றதும், எஞ்சின் ஆறுவதற்கு முன்பே அடியில் படுத்துக்கொண்டு ஷாக் அப்சார்பர் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். பேரம்பாக்கம் ரோட்டில் குலுங்கி வந்த வண்டியில் ஷாக் சுட வேண்டும். மற்றதெல்லாம் சுட்டு, ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது செத்துவிட்டது. எண்ணெய்க் கசிவு கண்ணுக்குத் தெரியும் முன்பே கை இதைச் சொல்லிவிடும். சைலன்சரை ஒட்டியிருக்கும் ஷாக்கை மட்டும் நம்பக்கூடாது. அது இரவல் சூடாக இருக்கலாம்.

இந்தப் பழக்கம் என் மேஸ்திரி கொடுத்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது அந்த அடியை வாங்குவது ஸ்பிரிங். வாங்கியதை அது வைத்துக்கொள்ளாது. திருப்பித் தள்ளும், மறுபடி அமுங்கும், மறுபடி தள்ளும். இந்த ஆட்டத்தை அடக்குவது ஷாக். குழாய்க்குள் பிஸ்டன் ஏறி இறங்கும்போது எண்ணெய் சின்னத் துளைகளின் வழியே நெருக்கியடித்துப் போகிறது. ஆட்டத்தின் சக்தி அங்கே சூடாக மாறிக் காற்றோடு போய்விடுகிறது. சூடு இல்லையென்றால் வேலை நடக்கவில்லை.

ஷாக்கைச் சொகுசுக்கான சாமான் என்று நினைப்பவர்களுக்கு நான் டயரைக் காட்டுவேன். வண்டியின் உடம்பு நொடிக்கு ஒன்றிரண்டு தடவை ஆடும். உள்ளே இருப்பவருக்கு அது தெரியும். சக்கரமும் ஆக்சிலும் நொடிக்குச் சுமார் பத்துத் தடவை துள்ளும். அது டயருக்குத்தான் தெரியும். சக்கரம் துள்ளித் தரையின் பிடி விடும் நேரத்தில் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வண்டி கட்டுப்படாது. டயரைச் சுற்றித் திட்டுத் திட்டாகக் குழி விழுந்து தேய்ந்திருந்தால், அந்த வண்டி பல நாளாகத் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது.

கடம்பத்தூர்க்காரனான எனக்குப் பெரிய வண்டி புதிதல்ல. மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர் ஆலை இருக்கிறது. அதிகத்தூரில் 1998 முதல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார் செய்தது. கும்மிடிப்பூண்டிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்களிலும் டிப்பர்களிலும் பழகிய கை என்னுடையது. வீடு போல வசதி செய்த கேரவன் வண்டி என்னிடம் வந்தது சினிமா வழியாக. செம்பரம்பாக்கம் ஈ.வி.பி. பிலிம் சிட்டிப் பக்கம் படப்பிடிப்புக்குப் போகிற வண்டிகள் முதலில் வந்தன. 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு, குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவர்களின் வண்டிகளும் ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தன.

கேரவனும் பஸ் சேஸில் கட்டியதுதானே, பஸ்ஸுக்குப் போடும் ஷாக்கே போதும் என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். பஸ் காலையில் நிறைந்து போகும், பகலில் காலியாகத் திரும்பும். அதன் ஷாக் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கணக்கு. கேரவனுக்குக் காலி என்ற நிலையே கிடையாது. கட்டில், அலமாரி, ஏ.சி., ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி என்று இரவும் பகலும் ஏறக்குறைய அதே பாரத்தைச் சுமந்து நிற்கிறது. அந்தப் பாரம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது பாடி கட்டியவருக்குத்தான் தெரியும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு வண்டி. வளைவில் ஒரு பக்கமாகச் சரிகிறது, ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கினால் பின்பக்கம் மூன்று நான்கு தடவை குதிக்கிறது என்று கொண்டுவந்தார்கள். ஓராண்டுக்குள் வேறு இடங்களில் இரண்டு தடவை பின் ஷாக் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கெட்டியானது. “அண்ணே, இதவிட கெட்டியா ஒண்ணு இருந்தா போடுங்க” என்றார் டிரைவர்.

நான் சாமான் வாங்கப் போகவில்லை. வண்டியை எடைமேடைக்கு ஓட்டச் சொன்னேன். முன் ஆக்சில் தனியாக, முழு வண்டி, பின் ஆக்சில் தனியாக என்று மூன்று சீட்டு. பிறகு இடப்பக்கச் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி இன்னொரு சீட்டு. 2018இல் மத்திய அரசு உயர்த்திய கணக்குப்படி, இரண்டு டயர் முன் ஆக்சிலுக்கு 7 டன், நான்கு டயர் பின் ஆக்சிலுக்கு 11.5 டன் வரை போகலாம். வண்டி அந்த வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் ஏறக்குறைய 900 கிலோ அதிகம். ஜெனரேட்டரும் 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் ஒரே பக்கத்தில், அதுவும் பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருந்தன. 500 லிட்டர் என்றால் அரை டன். எந்தக் கம்பெனி ஷாக்காலும் இந்தச் சரிவை நிமிர்த்த முடியாது.

அன்றிலிருந்து நான் சொல்வது இதுதான்: நிற்கும்போதே சாய்ந்திருந்தால் பாரத்தையும் ஸ்பிரிங்கையும் பார், ஓடும்போது ஆடி அடங்காவிட்டால் ஷாக்கைப் பார். அந்த வண்டியில் தொட்டியை வலப்பக்கம், ஆக்சிலுக்கு முன்னால் மாற்றினோம். அதன் பிறகுதான் ஷாக் தேர்ந்தெடுத்தோம். போட்டது ஏற்கெனவே இருந்ததைவிட இளகினது. குதிப்பு நின்றது.

கெட்டியான ஷாக் ஏன் குதித்தது? நல்ல ஷாக் அமுங்கும்போது இளகியும், விரியும்போது இறுக்கியும் பிடிக்கும். விரிவதை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டால், ஒரு மேடு முடிந்து ஸ்பிரிங் நிமிரும் முன்பே அடுத்த மேடு வந்துவிடும். வண்டி கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்துகொண்டே போய் ரப்பர் ஸ்டாப்பரில் இடிக்கும். அந்த இடிதான் குதிப்பாகத் தெரிந்தது.

பட்டை ஸ்பிரிங் வண்டியில் பட்டைகள் ஒன்றோடொன்று உரசித் தாமே கொஞ்சம் ஆட்டத்தை அடக்கும். ஏர் சஸ்பென்ஷனில் அந்த உரசல் இல்லாததால் முழு வேலையும் ஷாக்கின் தலையில் விழுகிறது. அதனால் ஏர் வண்டிக்கு உரியதை ஏர் வண்டிக்கே வாங்க வேண்டும். நீளத்திலும் கண் வேண்டும். முழுதும் மடங்கிய நீளம் அதிகமாக இருந்தால் பள்ளத்தில் உள்ளே முட்டி உடையும். பல ஏர் வண்டிகளில் ஆக்சில் கீழே தொங்கும் அளவை ஷாக்தான் பிடித்து நிறுத்துகிறது. விரிந்த நீளம் கூடினால் காற்றுப் பை இழுபட்டுக் கிழியும்.

மாட்டும்போது நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. ஒரு ஆக்சிலில் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இரட்டைக் குழாய் ஷாக் கடையில் படுத்துக் கிடந்திருக்கும். மாட்டும் முன் நிமிர்த்திப் பிடித்து, நான்கைந்து தடவை முழுக்க இழுத்து அமுக்கி உள்குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற வேண்டும். பளபளக்கும் ராடைக் குறடால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், சீல் போய்விடும். புஷ் போல்ட்டின் கடைசி முறுக்கை, வண்டி சக்கரத்தில் ஊன்றித் தன் உயரத்தில் நிற்கும்போது கொடுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால், இறக்கிய அந்த நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும்.

கேரவன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரும் சாமானும் நிரப்பி, வீட்டாரையும் ஏற்றி, ஆக்சில் வாரியாக ஒரு தடவை எடை போட்டு வையுங்கள். ஷாக் மாற்றப் போகும் இடத்தில் மெக்கானிக் அந்தச் சீட்டைக் கேட்காவிட்டால், நீங்களே எடுத்து அவர் கையில் கொடுங்கள்.