திருச்சியில் இறங்கிய சூறாவளி

திருச்சி மலைக்கோட்டையின் உச்சிக்கு ஏறுவோர் பெரும்பாலும் வடக்கையே நோக்குவர். காவிரிக்கு அப்பால், தென்னஞ்சோலைகளின் நடுவே, திருவரங்கத்தின் கோபுரங்கள் வரிசையாய் எழுந்து நிற்கும் காட்சி அத்தகையது. ஆயினும் தெற்கே, விமானங்கள் ஏறி இறங்கும் திசைக்கும் ஒரு வரலாறு உண்டு. நம் குடும்பங்களில் அதனை அறிந்தோர் மிகச் சிலரே.

1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பு, திருகோணமலை, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் குண்டு வீசின. தென்னாடு முழுவதும் அச்சம் பரவியது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள், இந்திய விமானப்படையின் 6-ஆம் பிரிவு திருச்சியில் தோற்றுவிக்கப்பட்டது. அதன் தலைவர் மெகர் சிங். அதற்கு அளிக்கப்பட்ட போர் விமானம் 'ஹரிக்கேன்'. சூறாவளி என்பது அப்பெயரின் பொருள். உலோகக் குழாய்களால் ஆன எலும்புக்கூடு, பின்னுடலின்மேல் இழுத்துக் கட்டிய துணி, முன்னே மெர்லின் எஞ்சின்: இவ்வளவே அதன் உடலமைப்பு. பின்னர் இப்பிரிவினர் பர்மாவின் அரக்கான் போர்முனையில் தாழப் பறந்து, பகைவரின் நிலைகளை வேவு பார்த்தனர். வீடு திரும்பாதோரும் அவர்களுள் உண்டு.

உலகில் செய்யப்பட்ட ஹரிக்கேன்கள் 14,000-க்கும் மேற்பட்டவை. இன்று பறக்கவல்லவை இருபதுக்கும் குறைவே. அவற்றுள் ஒன்று நம் நாட்டிலேயே உறங்கிக் கிடந்தது என்பது வியப்புக்குரிய செய்தி. ஆர் 4118 என்னும் எண் கொண்ட அவ்விமானம், 1940-இல் பிரிட்டனைக் காத்த வான்போரில் ஈடுபட்டது. பின்னர் இந்தியாவுக்குக் கப்பலேறியது. போர் முடிந்தபின் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவரின் பயிற்சிக்கெனத் தரப்பட்டது. 1982-இல் பீட்டர் வாச்சர் என்னும் ஆங்கிலேயர் அதனை அங்கே கண்டார். மழையிலும் வெயிலிலும் அது சிதைந்து நின்றது. உரிய அனுமதிகளைப் பெற்று அதனை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல 2001 வரை காத்திருக்க நேர்ந்தது. குழாய் குழாயாகப் பிரித்துச் சோதித்து, பழுதானவற்றை மாற்றி, புதுத் துணி போர்த்தி, எஞ்சினைச் சீரமைத்தனர். 2004 டிசம்பர் 23 அன்று அது மீண்டும் வானில் எழுந்தது. கண்ட நாளுக்கும் பறந்த நாளுக்கும் இடையே 22 ஆண்டுகள்!

போர்க்கருவி ஒன்றுக்காக இத்துணைப் பாடுபடுதல் தகுமோ என்று அமைதியை நாடும் உள்ளம் வினவும். நியாயமான கேள்வியே. ஆனால் இன்று அதன் துப்பாக்கிகள் எவரையும் சுடுவதில்லை. அது தலைக்குமேல் முழங்கிச் செல்கையில், இருபது வயதில் மாண்ட இளைஞரைப் பற்றித் தந்தை மகனுக்குச் சொல்ல ஒரு வாய்ப்பு உண்டாகிறது. அசையாமல் நிற்கும் பொருளைக் காட்டிலும், தன் தொழிலைச் செய்யும் பொருள் உரக்கப் பேசுகிறது.

திருவரங்கமும் இதனையே நமக்குக் காட்டுகிறது. அக்கோவிலின் சீரமைப்புக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பழைய கட்டுமான முறைகளைப் பின்பற்றியதோடு, மழைநீர் வடியும் தொன்மையான வழிகளையும் மீட்டனர். மக்கள் அன்றாடம் புழங்கும் இடமாகவே அது காக்கப்பட்டது.

திருச்சியில் ஹரிக்கேன்கள் முழங்கிய நாளில் சிறுவராயிருந்தோர் இன்று தொண்ணூறைத் தொட்டிருப்பர். அத்தகைய பெரியவர் எவரேனும் உங்கள் இல்லத்தில் இருப்பின், இன்று மாலையே அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள். விமானத்தைச் சீரமைக்க 22 ஆண்டுகள் காத்திருக்க முடிந்தது. அவர்களிடம் கேட்க அவ்வளவு காலம் நமக்கு இல்லை.