மேப்பில் கோடு இருக்கு, ட்ரெயின் ஏன் போகல?



என்னிடம் படித்த ஒருவரின் மகளுக்குப் போன மாதம் ராயபுரத்தில் தேர்வு மையம். பேசின் பிரிட்ஜில் ஏறினால் பக்கம்தானே என்று போன் மேப்பைப் பார்த்துக் கிளம்பிவிட்டாள். ஸ்டேஷனில் அரை மணி நேரம் நின்றும் பீச் வண்டி வரவில்லை. கடைசியில் ஆட்டோ பிடித்து, கேட் மூடுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். சாயங்காலம் போன் செய்து, "டீச்சர், மேப்ல லைன் இருக்கே, ட்ரெயின் ஏன் போகல?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முதலில் கதை. 1856-இல் நம் பக்கத்து முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. சென்ட்ரல் வந்தது 1873-இல். ஆக ஊருக்கு இரண்டு வாசல். சென்ட்ரலிலிருந்து வருகிற தடம் பேசின் பிரிட்ஜில் பிரிந்து ஒன்று வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர் பக்கமும், இன்னொன்று கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கமும் போகும். பீச்சிலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக வருகிற தடமும் அதே இரண்டு பக்கத்துக்கும்தான் பிரிகிறது, ஆனால் பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனைத் தொடாமல். சாதாரண போன் மேப்பில் இதெல்லாம் ஜடை பின்னியது போலத் தெரியும். எது எதோடு சேர்கிறது என்று புரியாது.

இதற்கு ஓபன் ரயில்வே மேப் என்று ஒரு இணையதளம் இருக்கிறது. தன்னார்வலர்கள் உலகம் முழுக்க வரைந்தது, இலவசம். அதில் பேசின் பிரிட்ஜைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு தண்டவாளமும் தனித்தனியாக இருக்கும். படிக்கும் சூத்திரம் ஒன்றுதான்: தடம் எந்தப் பக்கம் மெல்ல வளைந்து சேர்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி திரும்பும். ஊசி முனை போல இரண்டு கோடு சந்தித்தால், ஒன்றிலிருந்து மற்றதற்கு வண்டி நேராகப் போக முடியாது. நின்று, பின்னால் வர வேண்டும். லோக்கல் வண்டி அப்படிச் செய்யாது.

அந்தப் பெண் செய்திருக்க வேண்டியது, கும்மிடிப்பூண்டி வண்டியில் கொருக்குப்பேட்டை வரை போய் அங்கே பீச் வண்டிக்கு மாறுவது. இல்லையென்றால் ஆவடி பக்கம் போகும் வண்டியில் ஏறி வியாசர்பாடி ஜீவாவில் மாறுவது. இரண்டுமே எதிர்த்திசையில் போய்த் திரும்புகிற வழி. ஆட்டோவே மேல் என்று எனக்கும் தோன்றுகிறது!

ஆனால் அந்த மேப்பிலும் வண்டி ஓடும் நேரம் இருக்காது. அது தண்டவாளத்தை மட்டும்தான் காட்டும். எந்த வண்டி எங்கே நிற்கும் என்பதற்குப் புறநகர் ரயில் படத்தையும் கால அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் கோடுகள் நேராக இருக்கும், தூரம் சரியாக இருக்காது. அதற்காக அதைக் குறை சொல்லாதீர்கள், அதன் வேலை வேறு.

தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு பார்க்கிற என் தம்பி மகனுக்கும் இதையேதான் காட்டினேன். வீட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு ஜோடி தண்டவாளமா, சரக்கு வண்டி யார்டா என்று தெரிந்துவிடும். ராத்திரி முழுக்க வேகன் இடிக்கும் சத்தத்தைப் பற்றி புரோக்கர் சொல்ல மாட்டார்.

பழைய மேப் வேண்டும் என்பவர்களுக்கு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் ஒரு புதையல். 1950-களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட இந்திய வரைபடங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டரை கிலோமீட்டர். 1964 புயலுக்கு முன்னால் தனுஷ்கோடி வரை ஓடிய ரயில் பாதையை அதில் பார்த்தபோது, கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஓபன் ரயில்வே மேப்புக்கு விவரம் வருவது ஓபன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து. அதில் கணக்குத் தொடங்கி யாரும் திருத்தலாம். விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் பக்கம் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஸ்டேஷனில் நடைமேம்பாலம் எங்கே, சுரங்கப்பாதை எந்தத் தெருவில் ஏறுகிறது என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள். தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிறவர்கள் அந்தப் பக்கமும் இருக்கிறார்கள்.