வர இயலாதவன்

1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். நெருக்கடி நிலைக் காலம். மூன்று நாள் முன்புதான் கலைஞரின் தி.மு.க. ஆட்சியைக் கலைத்திருந்தார்கள். விசாரணையின்றிச் சிறைவைக்கும் மிசா சட்டத்தில் பிடித்துப்போனவர்களின் பெயரை அச்சிடக் கூடாதென்று தணிக்கை. அன்றைய 'முரசொலி' ஒரு பட்டியல் போட்டது: அண்ணா சதுக்கத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள் இன்னின்னார் என்று. தணிக்கைக்காரர் கண்ணுக்கு அது அஞ்சலிச் செய்தி. யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று படித்தவனுக்குப் புரிந்துபோயிற்று.

பக்கத்து இருக்கைக்காரர் அந்தப் பேப்பரை ஃபைலுக்குள் வைத்து என் மேசைக்குத் தள்ளினார். "சாயங்காலம் மெரினா போய் ஒரு முழம் பூ வச்சிட்டு வந்துடலாம் சார். அதுக்குமா பிடிச்சிடுவான்?" நான் அப்போது வேலை நிரந்தரமாகாத கிளார்க். "வீட்டுல அவளுக்குக் காய்ச்சல்" என்று சொல்லி ஃபைலைத் திருப்பித் தள்ளினேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அவர் தனியாகப் போனார். மறுநாள் வழக்கம்போல வந்து வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. அவரைப் பிடித்திருந்தால் என் பயத்துக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். சொல்லக் கூசுகிறது, அன்று காலை அவர் வரும்வரை காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து உள்ளூர அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அவர் மாற்றலாகிப் போன பிறகு, "போனோம், பூ வைத்தோம்" என்று கதை சொல்லத் தொடங்கினேன். என் பிள்ளைகள் இன்றும் அதை நம்புகிறார்கள்.

இதையெல்லாம் பயம் என்று தள்ளிவிடலாம். 1977 மார்ச் தேர்தலை என்ன செய்ய? வடக்கே ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். இங்கே அவர் கட்சியும் அ.தி.மு.க.வும் கூட்டுச் சேர்ந்து பெரும்பாலான தொகுதிகளை அள்ளின. மிசாவில் சென்னைச் சிறையில் அடிபட்ட தி.மு.க.வின் சிட்டிபாபு இறந்து மூன்று மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பத்திரிகை சொல்லாவிட்டாலும் ஊர் வாய் சொல்லி எனக்குத் தெரியும். ஓட்டுச்சாவடி மறைப்புக்குள் எந்த சி.ஐ.டி.யும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. பஸ் நேரத்துக்கு வருகிறது, ஆபீசில் ஒழுங்கு வந்திருக்கிறது, எம்.ஜி.ஆரே சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டே இந்திரா கூட்டணிக்கு முத்திரை குத்தினேன்.