மாத்தி விட ஆள் இருக்கா?

தேர்ட் இயர் மக்களே, ஆகஸ்ட் பொறந்தா உங்க வாட்ஸ்அப் குரூப்ல வேற பேச்சே இருக்காது. எந்த கம்பெனி வருது, கட்-ஆஃப் எவ்ளோ, சிடிசி எவ்ளோ. இதுக்கெல்லாம் பதில் சொல்ல சீனியர்கள் நிறைய பேர் இருக்காங்க. யாரும் கேக்காத ஒண்ணு இருக்கு: அந்த வேலை உங்க நாள்ல எத்தனை மணி நேரத்தை எடுத்துக்கும்?

போன செப்டம்பர்ல எங்க மெக்கானிக்கல் பசங்களுக்கு ஒரு எண்ணெய்க் கிணறு சர்வீஸ் கம்பெனி வந்தது. பேர் வேண்டாம். சிடிசி 11 லட்சம். எங்க டிபார்ட்மென்ட்ல அந்த நம்பரைக் கேட்டா எச்ஓடியே எந்திரிச்சு நிப்பார்!

ஜிடி தலைப்பு என்ன தெரியுமா? 2023 அக்டோபர்ல நாராயணமூர்த்தி சொன்ன வாரத்துக்கு 70 மணி நேரம், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியன் சொன்ன 90 மணி நேரம். எட்டு பேர் உக்காந்தோம். எட்டு பேரும் "உழைப்புதான் முக்கியம்"னு பேசினோம். வேலை கேட்டு வந்தவன் வேற என்ன பேசுவான்?

டெக்னிக்கல் ரவுண்ட்ல ராஜமுந்திரியில இருந்து வந்த ஒரு ஃபீல்டு இன்ஜினியர் உக்காந்திருந்தார். நம்ம ஊர்க்காரர்தான். ஸ்ட்ரெஸ்-ஸ்ட்ரெயின் கர்வ் போடச் சொன்னார், பம்ப் பத்தி ரெண்டு கேள்வி. அப்புறம் பேனாவை மூடி வச்சுட்டு, "முப்பது மணி நேரம் தூங்காம இருந்திருக்கியா?"ன்னார். "ஹீட் டிரான்ஸ்ஃபர் எக்ஸாமுக்கு முந்தின நாள் சார்"னேன். சிரிச்சார். ஆனா அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்ல.

அந்த வேலை இப்படித்தான். கிணறு தோண்டி முடிச்சதும், ஒரு நீளமான கேபிள்ல கருவிகளைக் கட்டி உள்ள இறக்கி, எந்த ஆழத்துல என்ன பாறை, எண்ணெய் இருக்கா, தண்ணி இருக்கான்னு அளக்கணும். அளந்து முடியுற வரைக்கும் தோண்டுற வேலை நிக்கும். ரிக் சும்மா நின்னாலும் வாடகை ஓடும். அதனால கிணறு ரெடின்னா ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் வண்டி கிளம்பணும். ரெடி ஆகலைன்னா அங்கேயே காத்துக் கிடக்கணும். தீபாவளி, பொங்கல் எல்லாம் பாறைக்குத் தெரியாது.

எங்க அப்பா அரசு பஸ் டிரைவர். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் போன்ல இதையெல்லாம் சொன்னேன். சம்பளம் கேக்கலை. "மாத்தி விட ஆள் இருக்கானா?"ன்னு ஒரே கேள்வி. ரிலீவர் வரலைன்னா டபுள் டூட்டி பாத்தே பழகின மனுஷன். எத்தனை மணி நேரம் வேலைங்கிறது பிரச்சினையே இல்ல, அது எப்போ முடியும்னு தெரியணும், அவ்ளோதான் அவர் கணக்கு.

யோசிச்சுப் பாருங்க. மும்பை ஹை கடல் மேடைகள்ல ஓஎன்ஜிசி ஆட்கள் 14 நாள் வேலை, 14 நாள் வீடு. ஒரு நாளைக்கு 12 மணி நேரம்னா 168 மணி நேரம். நாலு வாரத்துக்குப் பிரிச்சா வாரம் 42. எங்க ஜிடி தலைப்பை விட எவ்ளோ கம்மி! ஏன்னா பதினஞ்சாவது நாள் மாத்தி விட ஆள் வந்துடும்.

அதனால "கேள்வி ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டப்போ அப்பா கேள்வியையே கேட்டேன். எச்ஆர் மேடம், "எங்ககிட்ட வொர்க்-லைஃப் பேலன்ஸ் நல்லா இருக்கும்"னாங்க. ஃபீல்டு இன்ஜினியர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார்: "ரெண்டு மூணு கிணறு ஒரே நேரத்துல ரெடியானா ஆள் இருக்காது. போன வருஷம் 19 நாள் ஒரே ரிக்ல இருந்தேன். பொண்ணோட முதல் பிறந்தநாளை வீடியோ கால்ல பாத்தேன். ஆள் பத்தலைன்னுதான் உங்க காலேஜுக்கு வந்திருக்கோம்."

மேடம் முகம் மாறிடுச்சு. எனக்கு அந்தப் பதில் பிடிச்சிருந்தது. நீங்களும் "பேலன்ஸ் இருக்கா"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. வேலை செய்யுறவரைப் பாத்து, "கடைசியா எத்தனை நாள் சேர்ந்தாப்ல லீவு எடுத்தீங்க? அப்போ உங்க வேலையை யார் பாத்தாங்க?"ன்னு கேளுங்க.

ஆஃபர் வந்தது. ஒருத்தருக்கு ஒரு வேலைதான்ங்கிறது நம்ம ப்ளேஸ்மென்ட் செல் விதி. கையெழுத்துப் போட்டா மத்த கம்பெனிக்கு உக்கார முடியாது. மறு வாரம் ஒரு ஐடி கம்பெனி வர இருந்தது, 3.6 லட்சம். ஹாஸ்டல்ல உக்காந்து கணக்குப் போட்டேன். இங்க ரிக் படி போக மாசம் கைக்கு 52,000. 26 நாள், 12 மணி நேரம்னா மணிக்கு 167 ரூபா. அங்க கைக்கு 26,000. 22 நாள், 9 மணி நேரம்னா மணிக்கு 131. ரெண்டு மடங்கு சம்பளம்னு நெனச்சது மணிக்கணக்குல 36 ரூபா வித்தியாசமா சுருங்கிடுச்சு. ரிக் படி சேர்ந்தா கொஞ்சம் கூடும். ஓஎம்ஆர் டிராஃபிக்ல போற ரெண்டு மணி நேரத்தையும் சேர்த்தா ஐடி கணக்கு இன்னும் இறங்கும், அது வேற கதை.

அம்மா வேண்டாம்னு ஒத்தைக் கால்ல நின்னாங்க. நாலு லட்சம் கல்விக் கடன் இருக்கு. மாசம் 26,000-ல வாடகை, சாப்பாடு போக அதை அடைக்க எத்தனை வருஷம் ஆகும்னு அம்மாவுக்கும் தெரியும். தங்கச்சி இப்போதான் பிளஸ் டூ. இருபத்திரெண்டு வயசுல கேபிளோட கண் முழிக்கலாம், முப்பத்திரெண்டுல முடியுமான்னு தெரியலை. அந்த இன்ஜினியர் முகத்துல அந்தக் களைப்பு தெரிஞ்சது. ரெண்டு வருஷம், கடன் தீர்ற வரைக்கும்னு அம்மாகிட்ட பேசி, வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை ரெண்டாவது வாரம் ராஜமுந்திரியில ஜாயினிங். ரயில் ஏத்தி விட அப்பா வர்றேன்னு சொல்லியிருக்கார். அன்னைக்கு அவருக்கு நைட் ஹால்ட். டிப்போவுல மாத்தி விட ஆள் தேடிக்கிட்டு இருக்கார்.