கட்டுச்சோறு

பயணத்துக்குக் கட்டுச்சோறு எடுத்துப் போவதை ஏதோ பழைய காலத்துச் சுகம் மாதிரி எழுதுகிறார்கள். வாழையிலை, புளிச்சோறு, ஆத்தங்கரை நிழல். எங்க பாட்டிக்கு அது சுகம் இல்லை. வழியில் எந்தக் கிளப்புக்கடையிலும் உள்ளே உட்கார விடமாட்டான் என்பதால் தூக்குச்சட்டியில் பழைய சோறும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு நடந்தவள் அவள்.

அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து அட்லாண்டாவுக்கு ராத்திரிப் பேருந்து. விமானத்துக்குக் காசு உள்ளவர்கள் அதில் ஏறுவதில்லை. பாதிக்கு மேல் கறுப்பின மக்கள். என் பக்கத்தில் எழுபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. மடியில் செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி. திறந்தால் பொரித்த கோழி, அவிச்ச முட்டை, ஒரு துண்டு கேக். "எடுத்துக்க தம்பி" என்று நீட்டினார்.

ஏன் செருப்புப் பெட்டி என்று கேட்டேன். சின்னப்பிள்ளையில் அவங்க அம்மா கட்டிக்கொடுத்த பழக்கமாம். தெற்கே போனால் கறுப்பு ஜனங்களுக்குச் சாப்பாட்டுக்கடை கிடையாது, கக்கூஸ் கிடையாது. எந்த ஊரில் தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று சொல்வதற்காகவே 1936 முதல் 'கிரீன் புக்' என்று ஒரு கையேடு வந்துகொண்டிருந்தது.

அட்லாண்டாவிலிருந்து நியூ ஆர்லியன்ஸுக்கு ரயில். பகல் முழுக்க ஓடுகிறது. அலபாமாவில் அனிஸ்டன் என்று ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. 1961 மே 14 அன்று, கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து வந்த பேருந்தை வெள்ளைக் கும்பல் இந்த ஊருக்கு வெளியேதான் கொளுத்தியது. மே 4 அன்று வாஷிங்டனில் கிளம்பி நியூ ஆர்லியன்ஸ் போகவேண்டியவர்கள் அவர்கள். அடி வாங்கியும் அடுத்தடுத்து ஆட்கள் பேருந்து ஏறினார்கள். அந்த நவம்பர் 1 முதல்தான் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளிலும் அவற்றின் நிலையங்களிலும் இனப் பிரிவினை கூடாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்தது.

நியூ ஆர்லியன்ஸில் 1892இல் ஹோமர் பிளெஸ்ஸி வெள்ளையர் பெட்டியில் உட்கார்ந்தார். கைது செய்தார்கள். 1896இல் சுப்ரீம் கோர்ட் பிரிவினை சரிதான் என்றது. 2022இல் லூசியானா கவர்னர் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். யார் யாரை மன்னிப்பது?

அதே ரயிலில், காபி விற்கிற பெட்டியில், ஒருத்தர் "தமிழா?" என்றார். சந்தோஷமாக இருந்தது. எந்த ஊர் என்றார். சொன்னேன். "அங்க எந்தப் பக்கம்?" சொன்னேன். "ஊருக்குள்ள எந்தத் தெரு?" இந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியாதா? "ஊருக்குள்ள இல்ல சார், காலனி" என்றேன். "ஓ, நல்லது" என்றவர் பாதிக் காபியோடு எழுந்துபோனார். ஏழு கடல் தாண்டினாலும் தெருவைக் கையோடு கொண்டுபோகிறான்.

1901இல் சிறுவன் அம்பேத்கர் அப்பாவைப் பார்க்க ரயிலேறிப் போனார். மசூர் ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டிப் பயணம். கையில் சாப்பாடு இருந்தது. தண்ணீர் கொடுக்கத்தான் ஆளில்லை. பிள்ளைகள் பட்டினியாகப் படுத்தார்கள். இதை அவரே எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது.

மேல்சாதிக்காரனும் கட்டுச்சோறு கட்டினான். அடுத்தவன் கை பட்டால் தீட்டு என்று கட்டினான். நம் பாட்டிமார் கட்டியது, அடுத்தவன் கொடுக்கமாட்டான் என்று. இரண்டையும் ஒரே பெயரில் எழுதிப் பெருமைப்படுவது நியாயமா?

அலபாமாவின் மாண்ட்கமரியில், விடுதலைப் பயணிகள் அடிபட்ட பேருந்து நிலையத்தை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நம்ம ஊரில் இரட்டைக் குவளை வைத்திருந்த டீக்கடைகள் எத்தனை? எந்தச் சுவரில் எழுதியிருக்கிறது? பல இடங்களில் அந்தக் குவளையே இன்னும் போகவில்லை. பாட்டிமார் உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும். எங்கே போனாய், என்ன கொண்டுபோனாய், எந்த வாசலில் தண்ணீர் கேட்டாய், யார் இல்லையென்றார்கள். ஊர்ப்பெயரோடு, தெருப்பெயரோடு எழுத வேண்டும்.