உறுதியில் இருக்கும் வயல்

கனடாவில் வசிக்கும் என் மருமகன் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தான். கொழும்பில் தொடர்மாடி வீடொன்று வாங்கப் போகிறானாம். தெஹிவளையிலிருந்து அத்திடிய செல்லும் பக்கமாக, இன்னும் கட்டி முடியாத ஒரு கட்டடத்தில் நாலாம் மாடி. "மாமா, வெள்ளவத்தையிலை கேக்கிற விலையிலை பாதிதான். ஒருக்காப் போய்ப் பாத்துப்போட்டுச் சொல்லுங்கோ. அடுத்த கிழமை முற்பணம் அனுப்பவேணும்" என்றான்.

பார்த்துவிட்டுச் சொல்வது சின்ன விடயமன்று. அதை நான் ஒருமுறை பட்டு அறிந்தவன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பத்திரிகை அலுவலகத்தில் என்னோடு இருபது வருடங்களுக்கு மேல் பணியாற்றிய நண்பர் ஒருவர், ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதியோடு ஊர்க்காணி விற்ற பணத்தையும் சேர்த்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டை விலை பேசினார். வாங்குமுன் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். ஆறாம் மாடி. யன்னலைத் திறந்தால் கடல் தெரியும். "கட்டி முடிந்து சனம் குடியிருக்கிறது. இனி என்ன பார்க்க இருக்கிறது? வாங்குங்கோ" என்று சொன்னவன் நான்தான். உறுதியைப் பின்னர் எழுதித் தருவதாக விற்றவர்கள் கூறினார்கள். நண்பர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு முழுப் பணத்தையும் கொடுத்தார்.

உறுதி வரவேயில்லை. நான்கு வருடங்கள் அலைந்த பின்னரே காரணம் தெரியவந்தது. அந்த ஒழுங்கையில் அந்தக் காணிக்கு அனுமதிக்கப்பட்டவை ஐந்து மாடிகள் மாத்திரமே. ஆறாவது மாடி அனுமதியின்றி ஏற்றப்பட்டது. முன்னால் உள்ள வீதியின் அகலம், காணியின் பரப்பளவு, அது அமைந்திருக்கும் வலயம் ஆகியவற்றைக் கொண்டே எத்தனை மாடிகள் எழலாம் என்பது தீர்மானிக்கப்படுகிறது. அனுமதித்த வரைபடத்தின்படியே கட்டியிருந்தால்தான் இணக்கச் சான்றிதழ் கிடைக்கும். அது இன்றிக் கூட்டாதன வரைபடத்தைக் காணிப் பதிவகத்தில் பதிய வழியில்லை. அந்த வரைபடம் பதிவானால்தான் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி உறுதி எழுதலாம். நண்பரின் வீட்டுக்குத் தண்ணீர் வருகிறது, மின்சாரம் வருகிறது. ஆனால் காகிதத்தில் அந்த மாடி இருக்கும் இடம் வெறும் ஆகாயம்.

நண்பர் இரண்டு வருடங்களுக்கு முன் காலமானார். அவருடைய மனைவி அந்த வீட்டில் தனியே இருக்கிறார். அவுஸ்திரேலியாவிலுள்ள மகள் வீட்டை விற்றுவிட்டுத் தாயாரைத் தன்னோடு அழைத்துக்கொள்ள விரும்புகிறாள். உறுதியில்லாத வீட்டை எப்படி விற்பது? அந்தக் குடும்பத்தில் ஒருவரேனும் இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. வெள்ளவத்தைப் பக்கம் போகும்போது நான் அந்த ஒழுங்கையைத் தவிர்த்தே நடக்கிறேன்.

ஆகவே இம்முறை கட்டடத்தைப் பார்க்கப் போகுமுன் காணி உறுதியின் பிரதியைக் கேட்டு வாங்கினேன். அட்டவணையில் காணியின் பெயர் சிங்களத்தில் இருந்தது. அது 'கும்புர' என்று முடிந்தது. கும்புர என்றால் வயல். 'வத்த' என்றால் தோட்டம். வெள்ளவத்தை என்ற பெயருக்கே மணல் தோட்டம் என்றுதான் பொருள். யாழ்ப்பாணத்தில் எங்கள் தகப்பன்மாரும் காணி வாங்குமுன் தோட்டக்காணியா, வயற்காணியா, வெள்ளம் நிற்கும் தரவையா என்று பெயரைக் கேட்டே விளங்கிக்கொள்வார்கள். மண் கொட்டி மேடாக்கி மதில் கட்டிய பின்னரும் உறுதியில் வயல் வயலாகவே இருக்கும்.

பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. கும்புர என்று முடியும் எத்தனையோ காணிகள் முறைப்படி அனுமதி பெற்றுக் குடியிருப்பு நிலங்களாக மாறியுள்ளன. கேட்கவேண்டியது அந்த அனுமதியைத்தான். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. தாழ்நிலமாயின் வடிகால் தொடர்பாகக் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் இசைவும் வேண்டும். கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி. இவற்றுக்கு மேலேதான் அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வருகிறது.

இந்த அனுமதிகளை வெறும் அலுவலகச் சம்பிரதாயம் என்று நினைப்பவர்கள் 2010 நவம்பரை நினைத்துப் பார்க்கட்டும். சதுப்பு நிலத்தின் நடுவே எழுந்த பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே அன்று வெள்ளம் புகுந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கின. மருமகன் பார்த்த இடத்துக்கு அண்மையிலுள்ள பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலம் 1990 இல் சரணாலயமாக்கப்பட்டது. மழை வெள்ளத்தைத் தாங்கி நிற்பது அதுதான். அதன் ஓரத்தில் ஒரு வயலை நிரப்பினால் தண்ணீர் இன்னொருவர் வீட்டு வாசலைத் தேடிப் போகும்.

விற்பனை அலுவலகத்தில் இருந்த இளைஞர் மரியாதையானவர். "ஐயா, வங்கியே கடன் கொடுக்கிறது, நீங்கள் ஏன் யோசிக்கிறீர்கள்?" என்றார். கேரளத்தில் கொச்சிக்கு அருகே மரடு என்னும் இடத்தில் வீடு வாங்கியவர்களும் இப்படித்தான் நம்பினார்கள். உள்ளூர்ச் சபையின் கட்டட அனுமதி அந்தக் கட்டடங்களுக்கு இருந்தது. கரையோர ஒழுங்குவிதிகளின்படி பெறவேண்டிய இசைவு மட்டும் இருக்கவில்லை. 2019 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் அவற்றை இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 ஆம் திகதிகளில் நான்கு தொடர்மாடித் தொகுதிகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு முத்திரை இருக்கிறது என்பதற்காக மற்ற முத்திரையும் இருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது.

இளைஞரிடம் மூன்று காகிதங்களைக் கேட்டேன்: வயலை நிரப்பியதற்கான அனுமதி, வடிகால் இசைவு, மாடிகளின் எண்ணிக்கை தெரியும் அனுமதிக்கப்பட்ட வரைபடம். வந்தால் எங்கள் பக்கத்துச் சட்டத்தரணி ஒருவர் மூலம் அவற்றின் இலக்கங்களை அந்தந்த அலுவலகங்களில் சரிபார்ப்பதாகவும் சொன்னேன். இரண்டு நாட்களில் தருவதாகச் சொன்னார்.

மருமகனுக்கு என்மேல் கோபம். "வேறை ஆக்கள் வாங்கிப்போடுவினம் மாமா" என்கிறான். வாங்கட்டும். முற்பணத்தை அனுப்பவேண்டாம் என்று மட்டும் திட்டமாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று இருபத்திரண்டாவது நாள். காகிதங்கள் இன்னும் வரவில்லை.