மாலை கழற்றிய அன்றைக்கு

சிகரெட்டை விட மன உறுதி இருந்தால் போதும் என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. கல்லூரிக் காலம் தொட்டு நாற்பதைத் தாண்டும்வரை புகைத்தவன் நான். அத்தனை வருடமும் என்னைக் கட்டிப்போட்டதில் நிகோடினுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு இந்த மன உறுதிப் பேச்சுக்கும் உண்டு.

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுவது எங்கள் வீட்டு வழக்கம். குருசாமி கையால் துளசி மாலை கழுத்தில் ஏறிவிட்டால் ஒரு மண்டலம் முழுக்க சிகரெட் பக்கம் போகமாட்டேன். மாலையோடு பீடி குடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அது ஆகாது. முதல் சில நாட்கள் தலை கனக்கும், பிள்ளைகள் சத்தம் போட்டாலே எரிச்சல் வரும். அப்புறம் மெல்ல அடங்கிவிடும். மலைக்குப் புறப்படும் நேரத்தில் மூச்சு சீராகியிருக்கும். ரசத்தில் பெருங்காயம் தனியாக மணக்கும். பெரிய பாதையில், செருப்பில்லாமல், இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு கரிமலை ஏறியிருக்கிறேன்.

ஊர் திரும்பி மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டிய அன்று சாயங்காலமே டீக்கடையில் நிற்பேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்றின் நுனியில் கங்கு கனன்றுகொண்டிருக்கும். குனிந்து பற்றவைத்து முதல் இழுப்பு இழுத்ததும் தலை கிறுகிறுக்கும், நாக்கு கசக்கும். இரண்டே நாளில் கிறுகிறுப்பும் தெரியாது, கசப்பும் தெரியாது. நோன்பு வைக்கும் நண்பர் ஒருவர் ரம்ஜான் மாதம் பகல் முழுக்கத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். நோன்பு திறந்த கையோடு அவரும் தேடுவது சிகரெட்தான். இவர்களுக்கெல்லாம் மன உறுதி இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

மாலை எனக்கு என்ன செய்தது என்று யோசிக்கவே வெகு காலம் பிடித்தது. விடிவதற்கு முன் பச்சைத் தண்ணீரில் குளியல். சாயங்காலம் டீக்கடைக்குப் பதில் பஜனை. எதிரில் வருகிறவர்கள் எல்லாரும் "சாமி" என்பார்கள்; ஒருவரும் சிகரெட் நீட்டமாட்டார்கள். தம் அடிக்கிற நேரமும் இடமும் ஆட்களும் ஒரே நாளில் மாறிவிடுவார்கள். மாலையைக் கழற்றினால் எல்லாம் பழையபடி திரும்பி வந்துவிடும், நான் உட்பட.

உள்ளே இழுத்த புகையிலுள்ள நிகோடின் பத்திருபது விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் உடனுக்குடன் ஒரு சின்ன சந்தோஷம். ஒரு நாளைக்குப் பல நூறு முறை இப்படிப் பாடம் நடந்தால் மூளை அதோடு சேர்த்து மற்றதையும் மனப்பாடம் செய்துவிடுகிறது: டீ கிளாஸின் சூடு, சாப்பாடு முடிந்த வாய், பஸ்ஸுக்காக நிற்கும் நேரம். ரத்தத்தில் நிகோடின் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். விட்ட பிறகு வரும் உடல் அவஸ்தை முதல் மூன்று நாள் உச்சத்தில் இருந்து, சில வாரங்களில் தணிந்துவிடும். மனப்பாடம் மட்டும் மாதக்கணக்கில் அழியாது. மண்டலம் முடியும்போது என் உடம்பு விடுபட்டிருந்தது, டீக்கடை வாசல் விடுபடவில்லை.

எங்கள் வீட்டில் புகையிலைதான் சோறு போட்டது. திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு அப்படித்தான். அம்மா பீடி சுற்றச் சுளகை மடியில் வைத்துத் திண்ணையில் உட்கார்ந்தால், ஊறிய இலையைத் தகர அளவு வைத்துக் கத்தரித்து, தூளைத் தூவி, உருட்டி, நூல் சுற்றி, தலைப்பை மடக்கும் வேகம் கண்ணுக்குப் பிடிபடாது. அரிசி களைகிற கையிலும் தூள் வாசனை இருக்கும். என் பள்ளிக்கூடச் செலவு அந்தக் கையிலிருந்து வந்தது. நான் புகைப்பது தெரிந்த நாளில் அவள் கோபப்படவில்லை. "எய்யா, நீ மனசு வச்சா விட்டுருவ" என்றாள். அவ்வளவு நம்பிக்கையாகச் சொல்லிவிட்டாளே! என்னால் முடியவில்லை, உதவி வேண்டும் என்று அதற்குப் பிறகு அவளிடம் மட்டுமல்ல, எவரிடமும் வாய் திறக்க முடியவில்லை.

வாயைத் திறக்கவைத்தது இருமல். வாரக்கணக்கில் நிற்காததால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய் இல்லை என்று வந்ததும் நான் கிளம்பப் பார்த்தேன். அங்கிருந்த டாக்டர் அம்மா உட்காரச் சொன்னார். காசநோய்க்கும் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றுதான் கேள்விப்பட்டேன். சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும் அவரோடு பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களின் விவரத்தை, உயிரோடு இருக்கும் 35,000 பேரோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அது. காசநோயால் சாகும் ஆபத்து புகைக்கிறவர்களுக்கு ஏறக்குறைய நான்கு மடங்கு. புகை என்றால் புற்றுநோய் என்றுதான் சிகரெட் அட்டையில் படம் பார்த்துப் பழகியிருந்தோம். எங்கள் தெருவில் ரத்தம் கக்கிப் போன பீடிக்காரர்களின் சாவு எந்தக் கணக்கில் சேரும் என்று நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

டாக்டர் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காலைல எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் சிகரெட்?" பல் தேய்க்கிறதுக்கு முன்னாடியே என்றேன். "அப்ப இது பழக்கமில்ல, நோய். மருந்து எழுதுறேன்" என்றார். அந்த வார்த்தை எனக்குக் கொடுத்த ஆறுதலைச் சொல்லி முடியாது. சர்க்கரை நோய்க்காரரை யாரும் மன உறுதியால் சர்க்கரையைக் குறை என்று வீட்டுக்கு அனுப்புவதில்லையே.

எழுதிக் கொடுத்தது நிகோடின் சூயிங்கம். ஸ்வீடனில் நீர்மூழ்கிக் கப்பலுக்குள் புகைக்க முடியாத மாலுமிகள் புகையிலையை வாயில் அடக்கிச் சமாளித்ததைக் கவனித்துத்தான் இதை உருவாக்கினார்களாம். இதைச் சாதாரண சூயிங்கம் மாதிரி சவசவ என்று மென்றால் விக்கல் வரும், வயிறு புரட்டும், பலனும் இருக்காது. நாலைந்து முறை மெல்ல வேண்டும். காரமும் சுரீர் என்ற உணர்வும் வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுரீர் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். அதற்குக் கால் மணி முன்னாலிருந்தே டீ, காபி கூடாது. குடித்தால் வாயில் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது. இதையெல்லாம் பொறுமையாகச் செய்து காட்டியவர் மருந்துக்கடைத் தம்பி. முன்பு ஒருமுறை நானாகவே வாங்கி மென்று, விக்கல் எடுத்து, "இதெல்லாம் ஏமாத்து வேலை" என்று தூக்கி எறிந்திருந்தேன்.

சூயிங்கம் உடம்பைப் பார்த்துக்கொண்டது. மற்றதை நான் மாற்றினேன். சாயங்கால டீ வீட்டில். சாப்பிட்ட கையோடு பாத்திரம் கழுவ எழுந்துவிடுவேன். டீக்கடைக் கூட்டாளிகளிடம் கூச்சப்படாமல் சொன்னேன்: மருந்து எடுக்கிறேன், எனக்கு நீட்டாதீங்க. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மாலை போடாமலே அவர்கள் என்னைச் சாமி மாதிரி நடத்தினார்கள். இடையில் ஒரு துஷ்டி வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தபோது யாரோ கொடுத்ததை வாங்கி இழுத்துவிட்டேன். மறுநாள் டாக்டரிடம் போனேன். சூயிங்கத்தைத் தொடரச் சொன்னார், அவ்வளவுதான். முன்பெல்லாம் ஒன்று இழுத்தால் எல்லாம் போச்சு என்று ஒரு பாக்கெட்டே வாங்கிவிடுவேன்.

விட்ட புதிதில் இருமல் கூடியது. அதைக் கண்டு பயந்து மறுபடி பற்றவைத்தவர்களை எனக்குத் தெரியும். புகையால் செயலிழந்து கிடந்த மூச்சுக்குழாய் இழைகள் திரும்ப வேலை செய்யத் தொடங்கி, சேர்ந்த சளியை மேலே தள்ளுவதால் வரும் இருமல் அது. என்னுடையது சில வாரங்களில் நின்றது.

என்னோடு மலைக்கு வரும் அண்ணாச்சி ஒருவர் அறுபதை எட்டுகிறார். இனி விட்டு என்ன ஆகப்போகுது தம்பி என்பார். பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் அவர் கூட்டாளிகளும் 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் ஆண் மருத்துவர்களைத் தொடர்ந்து கவனித்து 2004இல் கணக்குச் சொன்னார்கள். முப்பது வயதில் விட்டவர்களுக்குச் சுமார் 10 ஆண்டு ஆயுள் மிச்சம், நாற்பதில் 9, ஐம்பதில் 6, அறுபதில் விட்டாலும் 3. அந்த மூன்றை மட்டும் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பேத்திக்கு இப்போது நான்கு வயது. அவளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரம் கழித்து, அந்த மாத்திரைப் பேரு என்ன என்றார். மாத்திரை இல்லை, சூயிங்கம், முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றேன். அதுவரைக்கும் பேசுவதற்கு ஒரு இலவச எண் இருக்கிறது, 1800-11-2356, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சிகரெட் அட்டையிலேயே அச்சடித்திருக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டினேன்.